கிச்சாப்புக்கு என்ன வேண்டும்

கிள்ளானில் ஒரு மூலை வீட்டில் குடியிருக்கும் அமுதவள்ளிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. சாவு வீட்டுக்குப் போனால்கூட, அந்தக் கண்ணாடிப் பெட்டி எப்படிக் குளிர்கிறது, கரண்ட் போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று பெட்டி கொண்டுவந்த ஆளை ஓரமாக அழைத்துக் கேட்டுவிடுவாள். மகள் மலர்விழி சின்ன வயதில் இதற்காகவே அம்மாவோடு வெளியே வரக் கூச்சப்படுவாள்.

அமுதவள்ளி பார்த்த வேலையும் அப்படிப்பட்டதுதான். பொதுப்பணி இலாகாவில் தார் ரோடு போட்டுக்கொண்டிருந்த அப்பா, பள்ளி முடித்த கையோடு அவளைத் தொலைபேசி நிலையத்தில் சேர்த்துவிட்டார். யாருக்கு யாருடைய நம்பர் வேண்டுமானாலும் அழைத்து விசாரிக்கிற பிரிவு. முதலில் தடித்தடியான புத்தகங்கள், பிறகு கம்ப்யூட்டர். ஒரு தடவை ஒரு ஆள் அழைத்து, காப்பாரில் பள்ளிவாசலுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் நம்பர் வேண்டும், இப்போது என்ன பெயரில் கடை நடத்துகிறார் என்று தெரியாது என்றார். பக்கத்துக் கடைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுதவள்ளி அந்த நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "அது என் அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டார். அண்ணன் போனை எடுத்தாரா, பேசினாரா, எத்தனை வருடத்துச் சண்டை, எதுவும் தெரியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க முன்கதையை மட்டும் கேட்டுக் கேட்டே தனக்கு இந்தப் பசி வந்துவிட்டது என்பாள்.

கணவர் சபாபதி இதற்கு நேர்மாறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, ஒரு சின்னக் கூண்டில் தனியாக உட்கார்ந்தே வேலைக்காலத்தைக் கழித்தவருக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒரு மழை நாளில் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினபோது முன்பக்கம் ஏதோ கத்தியது. போனட்டைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பூனைக்குட்டி. வால் நுனி முடிச்சுப் போட்டதுபோல் வளைந்திருந்தது. கழுவித் துடைத்த பிறகும் கறுப்பாகவே இருந்ததால், கறுப்புச் சோயா சாஸான கிச்சாப் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்றாள் மலர்விழி. அதுவே பெயராகிவிட்டது. பதினோரு வருடமாகக் கிச்சாப் அந்த வீட்டில்தான் இருந்தான். மலர்விழி கல்யாணமாகிப் பூச்சோங் போன பிறகு வீட்டில் மூன்றாவது ஆள் அவன்தான். சோறு போடுவது அமுதவள்ளி. ஆனால் சாயங்காலம் டிவியில் செய்தி ஆரம்பித்ததும் ஏறிப் படுப்பது சபாபதி வயிற்றின்மேல்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்விட்டு வந்த வாரம், கிச்சாப் தட்டில் மீனை மிச்சம் வைத்துவிட்டு நகர ஆரம்பித்தான். அமுதவள்ளிக்கு முதலில் பயம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. வழக்கமாக வைக்கும் கெம்போங் மீனை மாற்றிக் கோழி வைத்துப் பார்த்தாள். சூடாக, ஆறினதாக, தட்டை மாற்றி, இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்து, குழம்பை மட்டும் நாலு நக்கு நக்கிவிட்டுப் போனான். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தாள். எடை நன்றாகக் குறைந்திருந்தது, அன்றே டாக்டரிடம் கொண்டுபோனாள்.

அடுத்த தெருக் கடை வரிசையில் மாடியில் இருக்கும் மிருக டாக்டர் ஆட்ரி, முப்பது வயதைத் தாண்டிய பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குடலில் கட்டி. லிம்போமா என்று ஒரு வகைப் புற்றுநோய், அதிலும் வேகமாக வளர்வது என்று முடிவு வந்தது.

அமுதவள்ளி நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். பூனைக்கும் மனுஷனுக்குக் கொடுக்கும் மருந்துதானா? முடி கொட்டுமா? வாந்தி வருமா? டாக்டர் ஆட்ரி எதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. மருந்து அதேதான், அளவு குறைவு. பூனைகள் மனிதர்களைவிட நன்றாகவே தாங்கும். முடி அவ்வளவாகக் கொட்டாது, மீசை கொட்டும். சுபாங் ஜெயாவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு கீமோ ஊசி போட முதலில் வாராவாரம் போக வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு மாதம் போல. சுமார் பாதிப் பூனைகளுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டவற்றில் பல, சில மாதங்கள் நன்றாக இருக்கும். சில ஒரு வருடம் தாண்டியும் போகும். அது வேண்டாம் என்றால் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கலாம். பசி வரும், வலி குறையும், ஆனால் கட்டி போகாது. ஒன்று, இரண்டு மாதம்.

"அப்ப முதல்ல மாத்திரை கொடுத்துப் பார்ப்போமே டாக்டர். அப்புறம் ஊசி பத்தி யோசிக்கலாம்."

"அதுதான் ஆன்டி சிக்கல். மாத்திரையை முதல்ல ஆரம்பிச்சிட்டா, பின்னாடி அந்த ஊசி மருந்து சரியா வேலை செய்யாம போயிடலாம். எதுன்னு இந்த வாரமே முடிவு பண்ணிடுங்க."

செலவைத் தான் பார்த்துக்கொள்வதாக மலர்விழி போனிலேயே சொல்லிவிட்டதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. முடிவு மட்டும்தான் பாக்கி. சபாபதி மாடிக்கே வரவில்லை. கீழே காரில் உட்கார்ந்திருந்தார். அமுதவள்ளி எல்லாவற்றையும் ஒப்பித்தபோது கியரைப் போட்டபடி, "நீயே பாரு வள்ளி" என்றார். அவ்வளவுதான்.

யாரைக் கேட்டாலும் அமுதவள்ளிக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். இந்த ஒரு ஆளிடம்தான் கேட்க முடியவில்லை. அன்று சாயங்காலம் கிச்சாப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். வலிக்கிறதா? பசிக்கவில்லையா, பசித்தும் முடியவில்லையா? செத்துப்போவோம் என்று உனக்குத் தெரியுமா? அவன் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தான். அது என்ன அர்த்தம் என்று போனில் தேடினாள். நம்பிக்கை என்றது ஒரு இடம், தூக்கக் கலக்கம் என்றது இன்னொரு இடம்.

மறுநாள் டாக்டர் ஆட்ரியை அழைத்து வித்தியாசமான ஒரு உதவி கேட்டாள். இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கிற பூனை ஒன்றை நேரில் பார்க்க முடியுமா? தன் அம்மாவோடு மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் ஒரு ஆன்டி பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அந்த ஆன்டி உடனே வரச் சொல்லிவிட்டார்.

அமுதவள்ளி கோமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினாள். பூமாலைக் கடைகளையும் வடை பொரிக்கிற வாசனையையும் தாண்டி, பின்பக்க அடுக்குமாடி ஒன்றில் கதவைத் தட்டினாள். திறந்தவர் உர்சுலா, அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர் என்பதும், பழைய குவார்ட்டர்ஸை இடித்தபோது இங்கே வந்தார்கள் என்பதும், பால் இல்லாத கோப்பி ஓ கலக்கி முடிப்பதற்குள் அமுதவள்ளிக்குத் தெரிந்துவிட்டது.

மாதா படத்துக்குக் கீழே, சோபாவில், மேஜர் என்ற பெரிய ஆரஞ்சுப் பூனை மல்லாக்கப் படுத்திருந்தான். மூக்குக்கு இருபுறமும் மொழுக்கென்று இருந்தது. மீசை இல்லாத பூனையை அமுதவள்ளி அதுவரை பார்த்ததில்லை. முகம் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் முகம்போல் இருந்தது. குனிந்து பார்த்தாள். துளைகளில் சிறுசிறு வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தன.

"திரும்ப முளைக்குது" என்றார் உர்சுலா. சோபா இடுக்கில் விரலை விட்டுத் துழாவி, விழுந்த மீசை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடியில் தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிந்து, நைலான் நரம்புபோல் இருந்தது. அமுதவள்ளி அதைக் கன்னத்தில் உரசிப் பார்த்தாள். உர்சுலா சிரிக்கவில்லை. தானும் அப்படிச் செய்து பார்த்ததாகச் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டாள். உர்சுலா எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மேஜர் குளியலறைத் தரையில் படுத்து நடுங்கினான், இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்குத் தனக்குத் தன்னையே பிடிக்கவில்லை என்றார். பிறகு எழுந்தான், சாப்பிட்டான், இப்போது நான்கு மாதமாகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜர் இறங்கிப் போய், மூலையில் திறந்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கூடைக்குள் நுழைந்து சுருண்டு படுத்தான்.

"அதுக்குள்ள அவனே போறானா?" அமுதவள்ளிக்கு ஆச்சரியம்.

"குட்டியிலேர்ந்து அதுதான் அவனுக்கு வீடு. கார்ல ஏறினா தூங்கிடுவான். ஊசி போடுற பிள்ளைங்க மடியில ஏறிப் படுத்துக்குவான். ஊசி போடுற நாளும் அவனுக்குச் சும்மா ஒரு நாள்தான். அதனாலதான் என்னால முடிஞ்சுது." உர்சுலா கோப்பியை ஒரு வாய் குடித்தார். "உங்க ஆளு எப்படி அமுதா?"

அமுதவள்ளி சொன்னாள். வருடத்துக்கு ஒரு தடுப்பூசி. அதற்கே வீட்டில் போர். கூடையைப் பார்த்ததும் அலமாரிமேல் ஏறிவிடுவான். போய் வந்தால் இரண்டு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் கிடப்பான், சபாபதியிடம்கூட வரமாட்டான். சொல்லச் சொல்ல, அதை இத்தனை வருடம் கேலிக்கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம் என்று தோன்றியது. போட வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றார் உர்சுலா, கிளம்பும்போது இரண்டு தடவை.

உடனே முடிவு செய்ய அமுதவள்ளிக்கு மனம் வரவில்லை. பழக்கினால் மாறமாட்டானா? கூடையைக் கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே ஒரு கெம்போங் மீனை வைத்துவிட்டு மறைந்து நின்றாள். கிச்சாப் வந்தான். பின்னங்கால்கள் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர் மாதிரி இழுத்து, கழுத்தை மட்டும் நீட்டினான். மீனை வெளியே இழுத்துப் போட்டு, முகர்ந்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டுப் போனான். தின்னவில்லை, ஆனால் தன் இஷ்டத்துக்கு விரோதமாக எதுவும் நடக்காது என்று தெரிவித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவனை எப்படியோ துண்டில் சுற்றிக் கூடைக்குள் போட்டார்கள். சும்மா சுபாங் ஜெயா வரைக்கும் போய்த் திரும்புவோம், என்ன செய்கிறான் பார்ப்போம் என்றாள் அமுதவள்ளி. சபாபதி காரை எடுத்தார். பெடரல் ஹைவேயில் ஏறுவதற்குள்ளேயே கிச்சாப் கத்த ஆரம்பித்தான். அடிவயிற்றிலிருந்து, குழந்தை அழுவது மாதிரி. வாயில் நுரை தள்ளியது. மூத்திரம் கூடைக்கு வெளியே ஒழுகியது. ஷா ஆலாமுக்கு முன்னால் பெட்ரோல் நிலையத்தில் சபாபதி காரை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"அண்ணனை இதே ரோட்ல கூட்டிட்டுப் போவேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

அவருடைய அண்ணன் தம்புசாமிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது சபாபதிதான். அதைப் பற்றி அவர் பேசி அமுதவள்ளி கேட்டதே இல்லை. கேட்டும் பதில் வராத கேள்விகளில் அது ஒன்று.

"இங்க வந்ததும் கேட்பாரு. இன்னிக்கும் போகணுமாடான்னு. ஒவ்வொரு வாரமும், இந்த இடத்துல."

"அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாரேங்க. பேரனைப் பார்த்தாரு. வேணாம்னா சொன்னாரு?"

"இல்ல. போகணும்ணேன்னு சொன்னா, சரின்னுடுவாரு. எதுக்குப் போறோம்னு அவருக்குத் தெரியும்." கூடையைத் திரும்பிப் பார்த்தார். "இவனுக்கு நான் என்னன்னு சொல்றது?"

கிச்சாப் கத்துவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அமுதவள்ளி கேட்பதற்கு எதையும் தேடவில்லை. திரும்பிவிடலாம் என்றாள்.

மறுநாள் டாக்டர் ஆட்ரியிடம் மாத்திரை வாங்கிக்கொண்டாள். சரியா தப்பா என்று அவரிடம் கேட்டாள். இரண்டுமே சரியான வழிகள்தான், எந்தப் பூனைக்கு எது என்பதுதான் கேள்வி, அதை ஆன்டிதான் பார்த்திருக்கிறீர்கள் என்றார் அவர். மலர்விழிதான் போனில் சண்டை போட்டாள். "அப்பாவுக்கு வந்திருந்தா இப்படி யோசிச்சிருப்பீங்களாம்மா?"

"அப்பாகிட்ட கேட்டிருப்பேன்" என்றாள் அமுதவள்ளி. சனிக்கிழமை மலர்விழி வந்து கிச்சாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

மாத்திரை செய்த வேலையைப் பார்த்து எல்லோருக்கும் திகைப்பு. மூன்றாம் நாளே கிச்சாப் தட்டை நக்கிச் சுத்தம் செய்தான். அடுத்த வாரம் சமையல் மேடையில் ஏறி, மஞ்சள் தடவி வைத்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கேட் சுவரில் உட்கார்ந்து தெருவைக் கண்காணித்தான். செய்தி நேரத்துக்குச் சபாபதி வயிற்றில் இடம் பிடித்தான். அமுதவள்ளி சந்தோஷப்பட்டாள். கூடவே ஒரு குடைச்சலும் இருந்தது. இவ்வளவு தெம்பு இருக்கிறவன் ஊசியையும் தாங்கியிருப்பானோ? தாங்கினால் மேஜர் மாதிரி ஆகியிருப்பானோ? பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது, இந்தக் கேள்வி வந்து நிற்கும். சபாபதியிடம் சொன்னால், "திங்கிறான் பாரு, அதைப் பாரு" என்பார்.

மூன்றாவது மாதம் நடுவில் அந்தத் தெம்பு தீர்ந்துபோனது. ஒரு காலை மாத்திரையைத் துப்பிவிட்டு, தலையைத் தரையில் வைத்துப் படுத்தான். மாலைவரை எழுந்து நிற்கவில்லை. காரில் ஏற்ற மாட்டோம் என்று சபாபதி சொல்லிவிட்டதால் டாக்டர் ஆட்ரி வீட்டுக்கே வந்தார். முதல் ஊசி தூங்குவதற்கு, இரண்டாவது ஊசி இதயம் நின்றுபோவதற்கு என்று முன்கூட்டியே விளக்கினார். கிச்சாப் சபாபதி மடியில்தான் இருந்தான். வால் முடிச்சை அவர் இரண்டு விரலுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது முடிந்தது என்று அமுதவள்ளிக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஊசிகளைப் பைக்குள் எடுத்து வைத்தார். பிறகு அமுதவள்ளி கேட்டாள்.

"டாக்டர், வயித்தைத் திறந்து பார்க்க முடியுமா?"

சபாபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அவனைத் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்த நிமிடம் அவளுக்கே தன்னை நினைத்து ஒரு மாதிரி இருந்தது. ஆனால் தெரியாமல் விட்டுவிட்டால், இனி கிச்சாப்பை நினைக்கும்போதெல்லாம் அவனை நினைக்காமல் ஊசியைத் தாங்கியிருப்பானா என்ற அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டரின் காரிலேயே கிளினிக்குக்குப் போனாள். வெளியே உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். முகத்துக்கு மட்டும் துணி போட்டு மூடியிருந்தார் டாக்டர். கல்லீரல் சுத்தமாக இருந்தது, சிறுநீரகங்கள் சுத்தமாக இருந்தன. கட்டி ஒரே இடத்தில்தான், வேறெங்கும் பரவவில்லை. அப்படியென்றால் அந்த ஊசி மருந்து கேட்டிருக்கும், இல்லையா என்றாள் அமுதவள்ளி.

"கேட்டிருக்கலாம்" என்றார் டாக்டர் ஆட்ரி. கையுறை விரலால் குடலின் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே குடலின் சுவர் போய்விட்டிருந்தது. கட்டிதான் சுவராக நின்றது. "மருந்து வேகமா கட்டியைக் கரைச்சா, இந்த இடத்துல ஓட்டை விழுந்திருக்கலாம். விழுந்திருந்தா அன்னிக்கே போயிருப்பான். விழாமலும் இருந்திருக்கலாம். சத்தியமா எனக்குத் தெரியல ஆன்டி."

அமுதவள்ளி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மெல்லிய இடத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா மேடைமேல் தாவி மீன் திருடினான்? தொடலாமா என்று கேட்டாள். டாக்டர் ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்.

தைத்து, துடைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால், லிமாவ் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் சபாபதி ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தார். என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் செய்தாள்.

பள்ளி விடுமுறையில், பூச்சோங்கில் மலர்விழி வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது சபாபதி திரும்பாமலே கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாங்க அன்னிக்கு?"

அமுதவள்ளி சொன்னாள். பரவவில்லை என்பதையும் சொன்னாள், சுவர் போயிருந்ததையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பச்சை விழுந்தது. சபாபதி காரை எடுத்தார். இரண்டு சிக்னல் தாண்டினார்கள்.

"நீ தொட்டுப் பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அமுதவள்ளி யோசித்து, ஈரக் காகிதம் மாதிரி என்று ஆரம்பித்து, அது சரியில்லை என்று நிறுத்தி, வேறு மாதிரிச் சொல்ல முயன்றாள். அவர் வண்டியை இடது பக்கத்துக்கு மாற்றி, மெதுவாக ஓட்டியபடி கேட்டுக்கொண்டு வந்தார்.